சிறு விமானமும் அது இறங்கும் நிலமும்

பள்ளிக்கூடத்துப் பூகோளப் படம் ஒன்றையும் ஓர் அளவுகோலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைத்து ஒரு நேர்கோடு இழுங்கள். அந்தக் கோடு திண்டிவனத்தை ஒட்டிச் செல்லும். விக்கிரவாண்டிக்கு நேர் மேலாக ஓடும். உளுந்தூர்பேட்டையைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கும். நெடுஞ்சாலை அமைத்தவர்களும் இருப்புப்பாதை அமைத்தவர்களும் இந்தப் பகுதியில் ஏறத்தாழ இதே வழியைத்தான் தேர்ந்தார்கள். பறவைக்கு எது குறுக்கு வழியோ அதுவே இங்கு வண்டிக்கும் குறுக்கு வழி. தமிழ்நாட்டில் இப்படி மூன்று வழிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இடங்கள் சிலவே.

1938-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், ஐதராபாத், சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை செல்லத் தொடங்கியது. சென்னையிலிருந்து திருச்சிக்கு நேர்வழி பிடித்த விமானிக்கு விக்கிரவாண்டி வயல்கள் காலடியில் கிடந்திருக்கும். நாற்று நடுவோர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒலி தேய்ந்து மறைந்திருக்கும். விமானம் வந்தது, போயிற்று. அவ்வளவே.

அதே ஆண்டுகளில், கடல் கடந்த ஆஸ்திரேலிய நாட்டின் உட்பகுதியில், சிறு விமானம் பண்ணை வீட்டு வாசலிலேயே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதில் வந்தார். கடிதம் அதில் வந்தது. வேடிக்கைக்காக ஊர் சுற்றுவோரும் அதில் வந்தனர். நம்முடைய வட்டாரத்திலோ அது தலைக்கு மேல் செல்லும் காட்சியாகவே நின்றுவிட்டது. ஏன் இந்த வேறுபாடு? நமக்கு அறிவு குறைவா, துணிவு குறைவா? வரலாற்றைப் புரட்டினால் இரண்டும் இல்லை என்பது விளங்கும். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேசப் புகுகிறேன்.

முதலில் சிறு விமானம் என்பது எது என்று பார்ப்போம். ஒருவரோ இருவரோ, மிஞ்சினால் நால்வரோ அமரக்கூடிய, ஒற்றை எந்திரம் கொண்ட விமானத்தைச் சிறு விமானம் என்கிறோம். முதல் உலகப் போருக்குப் பின்னர் விமானங்கள் பல இருந்தன. ஆனால் அவை போருக்கென்று செய்யப்பட்டவை. எரிபொருளை மிகுதியாகக் குடிப்பவை. தனி மனிதன் ஒருவன் வைத்து ஆள இயலாதவை. இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெப்ரி டி ஹாவிலண்ட். அவர் அமைத்த ‘மாத்’ என்னும் விமானம் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. மாத் என்றால் விட்டிற்பூச்சி என்று பொருள். டி ஹாவிலண்ட் பூச்சிகளை ஆராய்வதில் விருப்பமுள்ளவர். ஆதலால் தம் விமானங்கள் பலவற்றுக்கு விட்டில்களின் பெயரையே வைத்தார்.

பெயருக்கு ஏற்றபடியே அது எளிய உயிராக இருந்தது. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டி மெழுகு போன்ற பூச்சுப் பூசிய துணி, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், தொடக்கத்தில் ஏறத்தாழ 60 குதிரைத்திறன் கொண்ட எந்திரம். இறக்கைகளைப் பின்புறமாக மடித்துவிடலாம். மடித்தால் ஒரு கொட்டகைக்குள் அடங்கிவிடும். மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் அது சென்றது. ஓரளவு சமமான, காய்ந்த புல்வெளி ஒன்று கிடைத்தால் இறங்கவும் ஏறவும் அதற்குப் போதும். மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள வல்லவர்கள் இனி விமானமும் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை உலகுக்கு அளித்தது இந்த விட்டில்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விமானக் கலையில் சென்னை பின்தங்கியிருந்தது என்று யாரும் கூற முடியாது. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே திட்டமிட்டு, சிம்ப்சன் தொழிற்சாலையின் உதவியோடு ஓர் இரட்டைத்தட்டு விமானத்தைச் செய்வித்து, பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தார். பின்னர்த் தீவுத்திடலில் பொதுமக்கள் காணப் பறந்தும் காட்டினார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அலகாபாத்திலிருந்து நைனி வரை ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி கடிதப் பைகளைச் சுமந்து பறந்தார். அரசாங்க அனுமதியோடு விமானத்தில் அஞ்சல் சென்றது உலகிலேயே அதுதான் முதல் தடவை. தொடக்கத்தில் நாம் உலகத்தோடு ஒரே வரிசையில் நின்றோம் என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

மாத் விமானம் பிறந்த பிறகு கழகங்கள் பிறந்தன. பலர் சேர்ந்து விமானம் வாங்கி, ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, முறை வைத்துப் பறந்து பழகும் அமைப்பே விமானக் கழகம். மக்கள் வழக்கில் பிளையிங் கிளப். இந்திய–பர்மா ஏரோ கிளப் 1927-இல் அமைந்தது. அதையடுத்துத் தில்லியிலும் பம்பாயிலும் கழகங்கள் தோன்றின. பம்பாய்க் கழகத்தில் பயின்ற ஜே. ஆர். டி. டாட்டா 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் விமானி உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் அது முதல் எண்ணுடையது. சென்னையிலும் 1930-ஆம் ஆண்டளவில் பிளையிங் கிளப் நிலைபெற்றது. மீனம்பாக்கத்து வானில் பயிற்சி விமானங்கள் வட்டமிடத் தொடங்கின.

அந்நாளைய இளைஞர்களின் ஊக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாலே போதும். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முதலில் வெற்றி காணும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு தருவதாக ஆகா கான் அறிவித்தார். 1930-ஆம் ஆண்டு மூவர் போட்டியில் இறங்கினர். மன்மோகன் சிங்கும் ஆஸ்பி எஞ்சினியரும் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தனர்; டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்தார். எகிப்து நாட்டு அபுகீர் விமானக் களத்தில் இறங்கிய டாட்டா, அங்கே ஆஸ்பி தவித்து நிற்பதைக் கண்டார். எந்திரத்தின் தீப்பொறிச் செருகி பழுதாகிவிட்டது, மாற்று இல்லை. டாட்டா தம்மிடமிருந்த உபரிச் செருகியை எடுத்துக் கொடுத்தார். போட்டியாளரே உதவியாளர் ஆனார். முடிவில் பரிசு ஆஸ்பிக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 17. பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைப் பதவி வரை உயர்ந்தவர் அவர். அந்தச் செருகி இல்லையேல் அவர் அபுகீரிலேயே நின்றிருப்பார். விமானியின் திறமை வானத்தில் வெளிப்படுகிறது. ஆனால் பயணத்தின் முடிவு பெரும்பாலும் நிலத்தில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அக்காலத்து விமானிக்கு வழி காட்டியவை யாவை? வானொலி வழிகாட்டி சிறு விமானத்தில் இல்லை. திசைகாட்டி ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, மடியில் விரித்த படம் ஒன்று: இவையே அவனுடைய கருவிகள். நம் கோட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து விக்கிரவாண்டிக்கு வான்வழியில் தொலைவு சுமார் 127 கிலோமீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் செல்லும் மாத் விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விக்கிரவாண்டிக்கு மேலே வந்திருக்க வேண்டும். திருச்சிக்கு மொத்தம் 295 கிலோமீட்டர்; இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஆனால் காற்று சும்மா இருப்பதில்லை. கடலிலிருந்து மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசுகிறது என்று கொள்ளுங்கள். விமானத்தின் மூக்கு சரியான திசையையே நோக்கியிருந்தாலும், ஒரு மணி நேரத்தில் அது 25 கிலோமீட்டர் மேற்கே ஒதுங்கிவிடும். விக்கிரவாண்டியைக் காண வேண்டிய விமானி, செஞ்சிக் கோட்டையின் மலைகளைத் தன் அருகே கண்டு திடுக்கிடுவான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் படத்தில் கண்டுகொண்டால் பிழையைத் திருத்திவிடலாம். அகலமான மணற்பரப்போடு தென்பெண்ணை குறுக்கிடும். கிழக்கே கடல் வெள்ளிக் கோடாகத் தெரியும். விழுப்புரம் சந்திப்பில் இருப்புப்பாதைகள் ஐந்து திசைகளில் விரிவதால், அவ்வூர் வானிலிருந்து ஒரு நட்சத்திரம் போலத் தோன்றும். அன்றைய விமானிகள் இருப்புப்பாதையைப் பிடித்துக்கொண்டு பறப்பதும், ஐயம் நேர்ந்தால் தாழ இறங்கி நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதும் உலகெங்கும் வழக்கமாக இருந்தன. இத்தனை அடையாளங்கள் நிறைந்த நம்முடைய நிலம், வானில் வழி தேடுவோனுக்கு எழுதி வைத்த ஏடு போன்றது.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இந்திய விமான வரலாற்றில் பொன்னாள். அன்று டாட்டா ‘புஸ் மாத்’ என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து கடிதப் பைகளோடு புறப்பட்டு, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜூஹு மைதானத்தை அடைந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி கடிதங்களை ஏற்றுக்கொண்டு, பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். அகமதாபாத்தில் அந்த விமானத்துக்கு எரிபொருள் எப்படி வந்தது தெரியுமா? மாட்டுவண்டியில் தகர டப்பாக்களில் வந்தது. விமானமும் மாட்டுவண்டியும் ஒன்றையொன்று எள்ளி நகையாடவில்லை; ஒன்றுக்கொன்று துணை நின்றன. அந்த வண்டிக்காரர் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அவர் வந்திராவிட்டால் அன்று விமானம் எழுந்திராது.

இங்கே சற்று நின்று ஆஸ்திரேலியாவைப் பார்த்து வருவோம். பரப்பில் அந்நாடு இந்தியாவைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டது. 1930-இல் அங்கு வாழ்ந்த மக்களோ சுமார் 65 இலட்சம் பேர். சென்னை மாகாணத்தில் மட்டும், 1931-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 4 கோடிக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அந்த 65 இலட்சம் பேரிலும் பெரும்பாலோர் கடற்கரை நகரங்களில் இருந்தனர். உட்பகுதியை அந்நாட்டார் ‘அவுட்பேக்’ என்பர். செம்மண் பாலை, புதர்க்காடு, உப்பு ஏரி, இடையிடையே மாட்டுப்பண்ணை: இதுவே அதன் தோற்றம். ஒரு பண்ணையின் அளவு நமக்கு வியப்பளிக்கும். இன்றும் அன்னா கிரீக் என்ற பண்ணை ஒன்றே விழுப்புரம் மாவட்டத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டுமானால் அது ஒரு நாள் பயணம்.

அத்தகைய நிலத்தில் சிறு விமானம் பறப்பது எளிது. தவறி இறங்கினால் பிழைப்பது அரிது. 1929-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கிங்ஸ்போர்டு ஸ்மித் என்ற புகழ்பெற்ற விமானி வடமேற்குக் கரையோரம் வழி தவறி இறங்கிக் காணாமற்போனார். அவரைத் தேடி ‘கூகபரா’ என்ற சிறு விமானத்தில் கீத் ஆண்டர்சனும் பாப் ஹிச்காக்கும் புறப்பட்டனர். எந்திரக் கோளாற்றால் தனாமி பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. கோளாறு பெரிதன்று, ஆயின் மறுபடி எழுவதற்குப் புதரற்ற நிலம் இல்லை, குடிக்க நீர் இல்லை, செய்தி அனுப்ப வானொலி இல்லை. தாகத்தால் இருவரும் மாண்டனர். தேடப்பட்டவரோ தம் துணைவர்களோடு உயிரோடு மீண்டார். இறக்கையும் எந்திரமும் மட்டும் போதா. கீழே ஆயத்தமான நிலம் வேண்டும் என்பதை அந்நாடு இரு உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

அந்நிலத்தை ஆயத்தம் செய்யும் பணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜான் பிளின் என்ற பாதிரியார், மருத்துவ உதவியின்றி உள்நாட்டில் மக்கள் இறப்பதைக் கண்டு வருந்தியவர். அவருடைய முயற்சியால் 1928-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் கிளன்கரி என்ற ஊரிலிருந்து மருத்துவர் ஒருவர் விமானத்தில் ஏறி ஜூலியா கிரீக் என்ற ஊருக்கு மருத்துவம் செய்யப் போனார். பறக்கும் மருத்துவர் பணி அன்று பிறந்தது. ஆனால் நோயாளி இருக்கும் செய்தி மருத்துவருக்கு எட்டுவது எப்படி? ஆல்பிரெட் டிரேகர் என்ற பொறியாளர் அதற்கும் வழி கண்டார். தையல் எந்திரத்தைப் போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அவர் செய்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளுக்குச் சென்றது. வீட்டுத் தலைவி மிதித்து மிதித்துச் செய்தி அனுப்புவாள். சில மணி நேரத்தில் விமானம் வந்துவிடும்.

விமானம் வருமென்றால் இறங்கத் தளம் வேண்டுமே! அதை அரசாங்கம் மட்டும் வந்து அமைத்துக் கொடுக்கவில்லை. பண்ணையாரும் வேலையாட்களும் புதர் வெட்டி, எறும்புப் புற்றுகளை இடித்து, மண்ணைச் சமன் செய்து, தத்தம் வீட்டருகே ஓடுதளம் அமைத்தனர். விமானம் வரும் ஒலி கேட்டால் தீ மூட்டிப் புகையெழுப்பிக் காற்றின் திசையைக் காட்டினர். இரவில் விளக்குகளை வரிசையாக வைத்து வழி காட்டினர். நோய்க்காக அமைந்த தளம் பிறகு கடிதத்துக்குப் பயன்பட்டது. கடிதத்துக்குப் பயன்பட்ட தளம் பிறகு உல்லாசப் பயணிக்கும் பயன்பட்டது. 1933-இல் 18 வயதுகூட நிரம்பாமல் விமானம் ஓட்டக் கற்ற நான்சி பேர்டு என்ற பெண்மணி, ஊர் ஊராகப் பறந்து சென்று சந்தைவெளியில் இறங்கி, மக்களை ஏற்றி வானைக் காட்டினார். 1935 முதல் நியூ சவுத் வேல்சின் மேற்குப் பகுதியில் தாய்சேய் நலச் செவிலியரை ஏற்றிச் செல்லும் பணியையும் செய்தார். விளையாட்டும் தொண்டும் அங்கே ஒரே தளத்தில் இறங்கின. இன்றும் மழை பெய்து ஏர் ஏரியின் உப்புப் படுகையில் நீர் பரவும் ஆண்டுகளில், அக்காட்சியைக் காணச் சிறு விமானங்கள் வில்லியம் கிரீக் போன்ற சிற்றூர்களில் வந்து இறங்குகின்றன. தண்ணீரும் அபாய அறிவிப்புக் கருவியும் இன்றி எவரும் புறப்படலாகாது. தவறி இறங்கினால் விமானத்தை விட்டு நடக்கலாகாது என்பவை அப்பயணிகள் கற்கும் முதற்பாடங்கள். கூகபராவின் பாடம் மறக்கப்படவில்லை.

இப்போது மீண்டும் விக்கிரவாண்டிக்கு வருவோம். நமக்கு ஏன் அது வாய்க்கவில்லை? முதற்காரணம், நமக்கு அத்தனிமை இல்லை என்பதே. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே எத்தனை ஊர்கள்! ஒவ்வோர் ஊருக்கும் அடுத்த ஊர் கூப்பிடு தூரம். விழுப்புரம் வழியே இருப்புப்பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பின்னர்ப் பேருந்து வந்தது. 2008 முதல் 108 என்று அழைத்தால் நோயாளியை ஏற்ற வண்டி வருகிறது. ஆஸ்திரேலியப் பண்ணையாருக்கு விமானம் செய்த வேலையை நமக்கு இரயிலும் பேருந்தும் செய்தன. ஒரு பயிர் ஒரு மண்ணில் விளைவதும் மற்றொன்றில் விளையாமற்போவதும் விதையின் குற்றமன்று.

இரண்டாவது காரணம், நெருங்கிய நன்செய் நிலத்தில் ஓடுதளத்துக்கு இடம் விடுவது எளிதன்று. ஒரு ஏக்கர் நிலத்தை நம்பி ஒரு குடும்பம் உண்ணும் நாட்டில், விளையாட்டாகப் பறப்போருக்காக நூறு ஏக்கரை யார் ஒதுக்குவர்? ஆதலால் கழகங்கள் பெருநகரங்களைவிட்டு வெளிவரவில்லை. செல்வரும் சமஸ்தானத்தாரும் அதிகாரிகளுமே பெரும்பாலும் அவற்றில் இடம்பெற்றனர். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே வாயில் திறக்கவில்லை. இதுவே நம் கதையின் துயரமான பகுதி.

ஆயினும் ஒரு காலத்தில் ஓடுதளங்கள் நம் நாட்டுப்புறத்துக்கு வந்தன. கொண்டுவந்தது அன்பு அன்று, போர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து வங்கக்கடலில் நடமாடத் தொடங்கியபோது, தமிழகத்தில் பல இடங்களில் அவசரமாக விமானத் தளங்கள் எழுந்தன. சோழவரம், அரக்கோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு ஆகியவற்றோடு, நாம் இழுத்த கோட்டின் மேலேயே இருக்கும் உளுந்தூர்பேட்டையிலும் ஒரு தளம் அமைந்தது. போர் முடிந்தது, படை போயிற்று, ஓடுதளங்கள் மட்டும் கிடந்தன. பிற்காலத்தில் அரக்கோணத்தைக் கடற்படையும் தஞ்சாவூரை விமானப்படையும் ஏற்றுக்கொண்டன. சோழவரத்தின் ஓடுதளத்தில் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. விக்கிரவாண்டியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் சேரக்கூடிய உளுந்தூர்பேட்டைத் தளமோ, போருக்குப் பின் பயணிகள் விமானமும் காணாமல், பழகும் இளைஞரையும் காணாமல் கிடந்தது. ஆஸ்திரேலியப் பண்ணையார் மண்வெட்டி பிடித்து உண்டாக்கியதை நாம் ஆயத்தமாகவே பெற்றோம். ஆனால் அதைச் சுற்றி ஒரு கழகமோ பள்ளியோ வளரவில்லை. தளம் இருந்தது, தளத்தைத் தமதெனக் கருதுவோர் இல்லை.

விடுதலைக்குப் பின் நம்மவர் திறமை குன்றியதா? இல்லை. சென்னை பிளையிங் கிளப்பில் பணியாற்றிய விமானி சுந்தரமும், பெங்களூரை அடுத்த ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறிய அவர் மனைவி உஷா சுந்தரமும் தமிழகம் பெருமை கொள்ளத்தக்க இணையர். சென்னை அரசு வாங்கிய ‘டவ்’ என்னும் இரட்டை எந்திர விமானத்தை 1950-களின் தொடக்கத்தில் அவர்கள் இங்கிலாந்திலிருந்து தாமே ஓட்டிவந்தனர். லண்டனிலிருந்து பம்பாய் வரை 27 மணி நேரத்தில் கடந்து சாதனை புரிந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் விமானி என்று உஷா போற்றப்படுகிறார்.

விமானம் செய்யும் திறமையும் இருந்தது. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் உருவான ‘புஷ்பக்’ என்ற இரு இருக்கைச் சிறு விமானம் 1958-இல் பறந்தது. சுமார் 150 புஷ்பக்குகள் செய்யப்பட்டு, நாடெங்கும் கழகங்களில் பல தலைமுறை மாணவர்களுக்குப் பறக்கக் கற்பித்தன. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், முதல் அஞ்சல் பயணத்தின் பொன்விழாவில், 78 வயதான டாட்டா மீண்டும் ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே பறந்து வந்தார். 1988-இல் விஜய்பத் சிங்கானியா இலேசு விமானத்தில் லண்டனிலிருந்து அகமதாபாத்துக்கு 23 நாட்களில் வந்தார். 2007-இல் விமானப்படையின் ராகுல் மோங்காவும் அனில் குமாரும் இலேசு விமானத்திலேயே 79 நாட்களில் உலகைச் சுற்றினர். 2019-இல் ஆரோஹி பண்டித் என்ற இளம்பெண் சிறு விமானத்தில் தனியே அட்லாண்டிக் கடலைக் கடந்தார். வானம் நம்மவர்க்கு அந்நியமன்று என்பதற்கு இன்னும் சான்று வேண்டுமோ?

குறை வானத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. சிறு விமானம் ஒன்று நம் நாட்டில் ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டுமானால் பயணத்திட்டம் கொடுக்க வேண்டும். வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற வேண்டும். இறங்குமிடத்தில் எரிபொருள் உண்டா என்று உறுதி செய்ய வேண்டும். நாட்டின் காவலுக்கு இக்கட்டுப்பாடுகள் தேவையே. ஆனால் இறங்குமிடங்கள் சிலவாகவும் அவையும் பெருநகரங்களில் நெரிசலுற்றும் இருக்கும்வரை, பறத்தல் சிலருடைய கலையாகவே இருக்கும்.

மாணவர்கள் இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு 1950-இல் தொடங்கியது. அதில் சேரும் மாணவ மாணவியர் இலேசு விமானத்தில் ஏறிப் பறக்கும் அனுபவத்தைப் பெற முடியும். அதற்குத் தந்தையார் செல்வராக இருக்க வேண்டுவதில்லை. மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும் தனி விமானி உரிமத்துக்கு 17 வயதும் நிரம்பியிருத்தல் போதும். எனினும், ஏணி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதாது; அதன் முதற்படி ஊருக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

நம் முன்னோர் ஏரிகளை எப்படிக் காத்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன் ஊரார் ஒன்றுகூடி, வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து, கால்வாயைத் தூர் வாரிக் கரையை உயர்த்துவர். ஏரி ஒருவருக்குச் சொந்தமன்று. ஆதலால் அது எல்லாருக்கும் சொந்தம். விமானத்தில் இருந்து பார்த்தால் விக்கிரவாண்டியைச் சூழ்ந்து கண்ணாடித் துண்டுகள் போல மின்னும் அந்த ஏரிகள், வானத்திலிருந்து விழும் நீரைத் தாங்கிக்கொள்ள நிலத்தை ஆயத்தம் செய்தோரின் நினைவுச் சின்னங்கள். ஆஸ்திரேலியப் பண்ணையார் வீட்டருகே வெட்டிய ஓடுதளமும் அத்தகையதே. அவர்களுடைய குடிமராமத்து அது.

படத்தில் நாம் இழுத்த கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. இன்றும் அதன் மேல் விமானங்கள் பறக்கின்றன. அதன் கீழ்ப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கின்றனர். விமானியாக வேண்டும் என்ற ஆசை அப்பிள்ளைகளுக்கு வானம் கொடுப்பது. அந்த ஆசை வந்து இறங்குவதற்கு ஓர் இடத்தைச் சமன் செய்து வைப்பது ஊரின் கடமை, நாட்டின் கடமை, நாளை பெரியவர்களாகப் போகும் உங்களுடைய கடமை.